மாடி கழற்றும் ஊர், மாடி ஏற்றும் ஊர்

1

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி தயங்குவேன். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் ஒரு சிறு நகரம். அதன் வீட்டுவசதி அலுவலகத்தில் இருக்கிறேன். ஆள் குறைந்துபோன அடுக்குமாடிக் கட்டடங்களைச் சோதித்து, எதை முழுதாக இடிக்கலாம், எதில் மேல் மாடிகளை மட்டும் எடுத்துவிட்டுக் கீழே இருப்பவர்களை விட்டுவைக்கலாம் என்று அறிக்கை எழுதுவது என் வேலை. ஆறு மாடிக் கட்டடத்தில் மேலே உள்ள மூன்றைக் கிரேன் வைத்துக் கழற்றி இறக்குவார்கள். எல்லாம் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பூட்டிய கான்கிரீட் பலகைகள். பூட்டியதைப் போலவே கழற்றவும் முடியும்.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ரூக்பௌ. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'பின்னோக்கிக் கட்டுதல்' என்று வரும். இடிப்பு என்று வாய்விட்டுச் சொல்ல அந்த ஊருக்கு மனமில்லை.

அலுவலகத்தில் என் எதிர் மேசை ரெனாட்டே. அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். எந்திரத் தொழிற்சாலை ஆட்களை அள்ளி அள்ளி எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். அன்றைக்கு வீடு கிடைக்க வருடக்கணக்கில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டுமாம். சாவி கையில் வந்த நாளில் அவரும் கணவரும் வெறும் தரையில் உட்கார்ந்து, வெந்நீர்க் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்களாம். பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் காலை ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். பிறகு தேசம் ஒன்றானது, தொழிற்சாலை மூடியது, பிள்ளைகள் மேற்கே போனார்கள். எங்கள் நடைபாதைச் சுவரில் ஊரின் மக்கள்தொகை வரைபடம் ஒன்று மாட்டியிருக்கிறது. குன்று மாதிரி ஏறி, ஏறியதைவிட வேகமாக இறங்கும் ஒரு கோடு. ரெனாட்டே தினமும் அதைக் கடந்துதான் காபிக்குப் போவார். நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

நான் அந்த வேலையில் சேர்ந்து பத்து வருடம் முடிந்த அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கையில் தட்டோடு நிற்கும்போது பெங்களூரிலிருந்து அண்ணன் சேகர் போன் செய்தான்.

"ரேவதி, மேல இன்னொன்னு போட்டுட்டேம்மா. நாலாவது. வர்ற மாசம் பால் காச்சறோம். இந்த வாட்டியாவது வா. இனியாவையும் இட்டுனு வா."

நாலாவதா என்று கேட்டேன். ஆமாம் என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தேன். கேக்கின் மிச்சத்தை என்னால் சாப்பிட முடியவில்லை.

2

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாடிகளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் இருபதுக்கு முப்பது அடி சைட்டில் அப்பா கட்டியது கீழ்வீடு மட்டும். பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவர். செதுக்கிய சைஸ் கல் அஸ்திவாரம், செங்கல் சுவர், மேலே கான்கிரீட் மோல்டு. அண்ணனுக்குக் கல்யாணமானபோது முதல் மாடி ஏறியது. அதற்கு மேல் போகக்கூடாது என்று பிளானிலேயே இருந்தது. அப்பா இறந்தபோது வீட்டை எங்கள் இரண்டு பேர் பெயரிலும் எழுதிவைத்திருந்தது தெரிந்தது. மேற்கொண்டு கட்ட அண்ணனுக்கு என் சம்மதம் வேண்டியிருந்தது.

அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தூதரகத்துக்கு இரண்டு முறை ரயிலில் போனேன். முதல் தடவை போட்டோவின் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை டோக்கன் எண் வரும்வரை மூன்று மணி நேரம். பத்திரத்தில் 'மேற்கொண்டு கட்டடம் எழுப்பவும்' என்று ஒரு வரி இருந்தது. எத்தனை மாடி என்று இல்லை. கட்டடம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்கும் நான், அந்த ஒரு கேள்வியை அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால், அங்கே உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்கிறாள் என்று நினைப்பானோ என்ற தயக்கம். அதோடு ரயிலைப் பிடிக்கும் அவசரம்.

3

பெங்களூர் போய்ச் சேர்ந்து, காக்ஸ் டவுன் பக்கம் இறங்கி சந்துக்குள் நுழைந்தபோது எங்கள் வீட்டை நான் தாண்டிப் போய்விட்டேன். ஒரே மாதிரி உயரம், ஒரே மாதிரி கிரில். இனியாதான் கதவு எண்ணைப் பார்த்து என்னை நிறுத்தினாள். அவளுக்குப் பதினாலு வயது. ஜெர்மனியிலேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேசும்போது மட்டும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் படிக்கட்டு இறங்குவதுபோல் நிதானிப்பாள்.

பால் காய்ச்சிய அன்று நாலாவது மாடியில் நிற்க இடமில்லை. அண்ணி லதா பொங்கிய பாலை டம்ளர்களில் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தாள். உன் அம்மா அங்கே என்ன வேலை பார்க்கிறாள் என்று உறவுக்காரர் ஒருவர் இனியாவைக் கேட்டார். அவள் மனதுக்குள் மொழிபெயர்த்து, "அம்மா வீட்டைப் பின்னால கட்டுறாங்க" என்றாள்.

"பின்னால கட்றதா? அவுட்ஹவுஸா?" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு அண்ணன் இனியாவின் தோளில் கை போட்டு, "உங்கம்மா பின்னால கட்டட்டும், மாமா மேல கட்றேன்" என்றான். அவன் முகம் முழுக்கப் பெருமை. ஒரு ஐ.டி. கம்பெனிக்கு வேன் ஓட்டி, முதுகு போய், வேலை போய், வீட்டை மட்டும் நம்பி எழுந்தவன் அவன்.

இனியாவுக்குப் பள்ளியில் ஒரு பாடவேலை கொடுத்திருந்தார்கள். இரண்டு நாடுகளை எடுத்துக்கொண்டு, காலப்போக்கில் நகரங்களின் மக்கள்தொகை எப்படி மாறியது என்று ஒப்பிட வேண்டும். அவள் புத்தகத்தில் இங்கிலாந்தின் ஆலை நகரங்கள் ஒரு காலத்தில் வீங்கிய கதை இருந்தது. பிறகு அமெரிக்கா. பிறகு ஜப்பான், ஏறி முடித்து இப்போது சுருங்கும் ஊர்களோடு. கடைசியில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இன்னும் செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும் கோடுகள். ஊர் ஊராகப் போட்டால் எல்லோரும் செய்வதைப் போலவே இருக்கும் என்று அவள் ஒரு யோசனை செய்தாள். ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடம் ஒன்று, மாமா வீடு ஒன்று. இரண்டிலும் எந்தக் காலத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று இரண்டு கோடு.

அடுத்த நாள் காலை படியில் நோட்டோடு உட்கார்ந்து எண்ணினாள். அப்பா கட்டியபோது நாங்கள் நாலு பேர். இப்போது கீழே அண்ணன், அண்ணி, அவர்கள் மகன். முதல் மாடியில் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜெயராணி, கணவர், குழந்தை. இரண்டாவதில் மணிப்பூர் நர்சுகள். மூன்றாவதில் சாப்பாடு டெலிவரி செய்யும் வடநாட்டுப் பையன்கள். நாலாவதுக்கு அடுத்த வாரம் ஆள் வருகிறது. வரப்போகிறவர்களையும் சேர்த்து மொத்தம் இருபத்தாறு என்று எழுதினாள். எங்கள் ஜெர்மன் கட்டடத்தில் நாற்பது குடும்பம், நூற்றைம்பது பேர் இருந்த இடத்தில் இப்போது ஒன்பது குடும்பம், பத்தொன்பது பேர். இரண்டு கோடும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின.

"அம்மா, இது மேலே போய்க்கொண்டே இருக்குமா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

எந்தக் கோடும் அப்படிப் போவதில்லை என்றேன்.

4

விரிசலைப் பார்த்தது அன்றைக்கு மதியம்.

பக்கத்து சைட்டில் பழைய ஓட்டுவீட்டை இடித்துவிட்டு, கார் நிறுத்த நிலத்தடித் தளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஜேசிபி எங்கள் சுவரை ஒட்டியே மண்ணை அள்ளியிருந்தது. மண் சரியாமல் தாங்க ஒரு பலகைகூட வைக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அப்பா போட்ட சைஸ் கல் பக்கவாட்டில், ஈறு இறங்கிய பல் மாதிரித் தெரிந்தது. அதன்மேல்தான் நாலு மாடி.

கீழ்வீட்டுக்குள் வந்து அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு. அண்ணன் மாடி ஏற்றும்போது இடையில் நிறுத்திய பில்லர் அண்ணியின் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. பீரோவை நகர்த்தச் சொன்னேன். பில்லரில் மேலிருந்து கீழாக மூன்று கோடுகள். அவற்றின்மேல் புதிதாகப் பூசி, பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பெயின்டிலும் கோடு வந்திருந்தது.

கட்டடம் அழுந்தும்போது விழும் விரிசலும் பூச்சு காய்ந்து விழும் விரிசலும் வேறு வேறு. பத்து வருடமாக நான் செய்வது இதைப் பிரித்துச் சொல்வதைத்தான். ஆனாலும் என் கண்ணை நானே நம்ப விரும்பவில்லை. ஹார்டுவேர் கடையில் பி.ஓ.பி. என்னும் பிளாஸ்டர் மாவு வாங்கிவந்து குழைத்து, விரிசலுக்குக் குறுக்கே நாலு இடத்தில் விரல் அகலத்துக்குப் பட்டை போட்டேன். காய்ந்ததும் பென்சிலால் தேதி எழுதினேன். கட்டடம் அசைந்தால் பட்டை உடையும். அங்கே நாங்கள் செய்யும் சோதனை இதுதான்.

"இன்னாத்துக்கு ரேவதி, சுவத்துக்கு பிளாஸ்திரி போடறே?" என்றாள் அண்ணி.

திங்கட்கிழமை போட்டேன். வியாழக்கிழமை காலை இரண்டு பட்டைகளில் முடி அளவுக்குக் கோடு ஓடியிருந்தது. விரலால் தடவினேன். நகம் மாட்டியது.

5

அண்ணனிடம் அன்றே சொன்னேன். மேல் இரண்டு மாடியை உடனே காலி செய்ய வேண்டும், பக்கத்துச் சைட்டில் தோண்டுவதை நிறுத்த வேண்டும், ஒரு நல்ல என்ஜினீயரை வரவழைக்க வேண்டும் என்றேன். அவன் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"அத்தெல்லாம் ஒன்னும் ஆவாது. இந்த ரோட்டுல எல்லா வூட்லயும் கோடு இருக்குது. போய்ப் பாரு."

"எல்லா வீட்லயும் இருந்தா அது நல்லதாண்ணா?"

"மூணாவது போட்டு நாலு வருசமா நிக்குதே."

"பக்கத்துல பள்ளம் தோண்டினது இந்த மாசம்தானே?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "நீ அங்க காலி வூட்டயே பாத்துப் பாத்து, எல்லா வூடும் காலியாவணும்னு நெனைக்கறே. இங்க அப்படி இல்ல. தெனம் ரயில் ரயிலா வந்து எறங்கறாங்க. எங்க இருப்பாங்க அவங்க? ரோட்லயா? நான் எடம் குடுக்கறேன். தப்பா?"

தப்பில்லை என்றுதான் சொல்ல வந்தேன். பில்லர் என்ற சொல் வாயில் வராமல் அதன் ஜெர்மன் சொல் வந்தது. இரண்டு தடவை அதையே சொன்னேன். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"பாஷையே மறந்துட்டே. ஊரு மட்டும் உனக்குத் தெரியுமா" என்று எழுந்து போனான்.

அவன் போன பிறகு நான் பில்லருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சைட்டில் ஜேசிபி வேலையைத் தொடங்கியது. அது மண்ணைக் கடிக்கும் ஒவ்வொரு தடவையும் அண்ணியின் பீரோக் கதவு லேசாக நடுங்கியது. என்னைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. பழகிவிட்டிருந்தது.

6

மறுநாள் வார்டு அலுவலகத்துக்குப் போனேன். முதல் மேசையில் இருந்தவர் இரண்டாவது மேசைக்கு அனுப்பினார். அவர் மூன்றாவது மேசைக்காரர் சாப்பிட்டு வரட்டும் என்றார். மூன்றாவது மேசைக்காரர்தான் என்ஜினீயர். இளைஞர், களைத்த முகம். கன்னடத்தில் விசாரித்தார். கன்னடம் பேசி வளர்ந்தவள் நான். அன்றைக்கு ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் 'யா, யா' என்று ஜெர்மன்தான் வந்தது.

"ஃபாரினா மேடம்?" என்றார். தலையாட்டினேன்.

"ஓனர் யாரு?"

"நானும் எங்கண்ணனும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டின்மேல் புகார் கொடுக்க வருகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். சொந்த வீட்டின்மேல் யாரும் வந்ததில்லை போலும். கம்ப்யூட்டரில் எங்கள் பிளானைத் தேடி எடுத்தார். கீழ்வீடும் முதல் மாடியும். அதற்கு மேல் எதுவும் இல்லை. நான் போனில் படங்களைக் காட்டினேன். உடைந்த பட்டையின் படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்தது. அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது.

"மேடம், இந்த ரோட்ல பிளான் படி எத்தனை வீடு இருக்குன்னு நினைக்கறீங்க?" என்று தமிழுக்கு மாறிக் கேட்டார். "ஒண்ணுக்கு நோட்டீஸ் குடுத்தா எல்லாத்துக்கும் குடுக்கணும். அவங்கள எங்க அனுப்பறது?"

அண்ணன் கேட்ட அதே கேள்வி.

எழுத்தில் கொடுங்கள், ஓனர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். அண்ணனுக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்திருப்பதைச் சொல்லி, நான் மட்டும் போட்டால் போதாதா என்றேன். உங்கள் கையெழுத்து அதிகாரப் பத்திரத்தின்படி அண்ணனிடம் இருக்கிறது, அது ரத்தாகும்வரை அவர் சொல்வதுதான் உங்கள் சொல் என்றார். எழுந்திருக்கும்போது, "நாளே பர்த்தீவி, நோட்தீவி" என்றார். நாளைக்கு வந்து பார்க்கிறோம் என்று அர்த்தம். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் யாரும் வரவில்லை.

7

கிளம்ப ஆறு நாள் இருந்தது. நான் மாடி மாடியாக ஏறிப் போய்ச் சொன்னேன். நர்சுகள் பயந்தார்கள், வார்டனைப் போலப் பேசும் பெரியவள் ஒருத்தி மட்டும் ஓனரைக் கேட்டுக்கொள்கிறோம் என்றாள். மூன்றாவது மாடிப் பையன்களில் விழித்திருந்தவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "டைம் ஆச்சு தீதி" என்று இறங்கிப் போனான்.

ஜெயராணி மட்டும் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பெரிய ஐ.டி. வளாகத்தில் துப்புரவு சூப்பர்வைசர். கணவர் பாபு அங்கேயே லிப்ட் ஆபரேட்டர். நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவள் தலையாட்டத் தொடங்கிவிட்டாள்.

"தெரியும்க்கா. சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

"மதியம், வூட்ல வேற யாரும் இல்லாத நேரத்துல. டிக்குன்னு ஒன்னு. கொஞ்ச நேரங்கழிச்சு இன்னொன்னு. அந்த மூலையில. நகத்த ஒடிக்கிற மாதிரி." கீழே பில்லர் இருக்கும் மூலையைக் காட்டினாள். "இவருகிட்ட சொன்னா, பல்லியா இருக்கும்ன்றாரு. நான் தங்கவயல்ல பொறந்தவ. எங்கப்பா சுரங்கத்துல வேல செஞ்சாரு. பூமிக்கடியில பாறை வெடிச்சா வூட்ல பாத்திரம் உருண்டு வுழும். சின்ன சத்தம் வந்தாலே எங்கம்மா எங்கள வெளிய இட்டுனு வந்து நிப்பாட்டிடும்."

குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள். "எங்க ஊரும் இதே மாதிரி இருந்ததாம்க்கா. பெங்களூர விட ஜோரா. இங்க இருட்டா இருந்த காலத்துல எங்க ஊர்ல கரண்டு இருந்துச்சுன்னு தாத்தா சொல்லும். எடமே கெடைக்காதாம். இப்ப சுரங்கமும் இல்ல, ஒன்னும் இல்ல. காலைல ரயில்ல பாதி ஊரு இங்க வருது, சாயந்திரம் திரும்பப் போவுது. நாங்க அந்த ரயில்ல தொங்க முடியாமதான் இங்க வந்தோம்."

ரெனாட்டேயின் வெந்நீர்க் குழாய் எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சத்தம் எதுவும் வரவில்லை. வராமல் இருந்ததும் நன்றாக இல்லை.

அந்த வாரமே அவர்கள் காலி செய்தார்கள். பக்கத்தில் வீடு தேடினார்கள், கிடைத்தவை எல்லாம் இதே மாதிரிக் கட்டடங்கள். கடைசியில் மூன்று பேரும் தங்கவயலுக்கே திரும்பினார்கள். அண்ணன் படியில் நின்று அவர்கள் சாமான் இறங்குவதைப் பார்த்தான். ஏர்போர்ட்டுக்கு அண்ணிதான் வந்தாள்.

8

ஜெர்மனிக்குத் திரும்பினோம். இனியா தன் வரைபடத்தை முடித்துக் கொடுத்தாள். நல்ல மதிப்பெண் கிடைத்தது. பெங்களூர்க் கோடு இருபத்தாறில் நின்றிருந்தது. ஜெயராணி போனதைச் சொல்லி மூன்றைக் கழிக்கச் சொன்னேன். ஆசிரியர் திருத்திவிட்டார், இனி மாற்ற முடியாது என்றாள். அந்த வீட்டைப் பற்றி அவள் பிறகு கேட்கவில்லை. அவளுக்கு அது முடிந்துபோன பாடம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் தலைக்குப் பின்னால் தெரிந்த சுவர் பச்சையாக இருந்தது. எங்கள் கீழ்வீட்டில் பச்சைச் சுவர் இல்லை.

"எங்க அண்ணி இருக்கீங்க?"

"சந்தாபுராலம்மா. உனக்கு அண்ணன் சொல்லலியா? ஒரு மாசம் ஆச்சு. பையன் காலேஜ் இந்தப் பக்கம், தெனம் அவ்ளோ தூரம் போறது பேஜாரா இருக்குதுன்னு அவருதான் வூடு பாத்தாரு."

"அங்க கீழ்வீடு?"

"பசங்க இருக்காங்க. எட்டு பேரு. ஜெயராணி இருந்த வூட்டுக்கும் ஆளு வந்தாச்சு."

அண்ணி வெகுளியாகத்தான் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். எதிரே வெள்ளைத் திரை போட்டு மூடிய ஒரு கட்டடத்தில் நாலாவது மாடியைக் கழற்றி முடித்திருந்தார்கள். அண்ணன் என்னை நம்பவில்லை என்றுதான் இரண்டு மாதமாக நினைத்திருந்தேன். அவன் நம்பியிருக்கிறான். நான் காட்டிய அந்த நாலு பட்டைகளையும் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையையும் நம்பி, மனைவியையும் மகனையும் அங்கிருந்து எடுத்துவிட்டான். பிறகு அந்த அறைகளில் எட்டுப் பேரை வைத்துவிட்டான்.

அவனைக் கூப்பிட்டேன். நலம் விசாரித்தான். நேராகக் கேட்டேன்.

"ஜாக்கி போட்டிருக்கேன். இரும்பு. நாலு எடத்துல முட்டுக் குடுத்திருக்கு. இனிமே பயம் இல்ல" என்றான்.

"பயம் இல்லன்னா அண்ணிய ஏன்ணா அனுப்பிட்டே?"

பின்னால் வண்டிகளின் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "வச்சிடறேன்" என்றான்.

9

மறுபடி ரயில் ஏறித் தூதரகத்துக்குப் போனேன். இந்தத் தடவை போட்டோ சரியான அளவில் இருந்தது. அதிகாரத்தை ரத்து செய்யும் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. 'கட்டடம் விழும் நிலையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் மாடிகள் கட்டப்பட்டதில் என் பொறுப்பும் உண்டு' என்று எழுதினேன். கவுன்டரில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, இப்படியே இருக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். அதன் நகலையும், படங்களையும், அளவுகளையும் வைத்து வார்டு அலுவலகத்துக்கு நீண்ட கடிதம் எழுதினேன். என்மேலும் நடவடிக்கை எடுக்கலாம் என்று கடைசியில் சேர்த்தேன்.

கடிதம் போய்ச் சேரும்வரை காத்திருக்கப் பயமாக இருந்தது. ஜெயராணிக்குப் போன் செய்தேன். வேலைக்கு மறுபடி ரயிலில்தான் வந்துபோய்க்கொண்டிருந்தாள். அடுத்த நாள் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, வேலைக்குப் போகும் முன் எங்கள் சந்துக்குப் போய், அந்த எட்டுப் பேரை எழுப்பி, பீரோ இருந்த மூலையைக் காட்டி விளக்கியிருக்கிறாள். அவர்களில் மூன்று பேர் அன்றே கிளம்பினார்களாம். மற்றவர்கள், "வேற எங்க போறது அக்கா?" என்று கேட்டார்களாம். அந்தக் கேள்வி என் காதில் விழுவது அது மூன்றாவது முறை.

மூன்று வாரம் கழித்து வார்டு அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்பு பார்த்த அதே என்ஜினீயர் பில்லருக்கு முன் நின்று படம் எடுத்தாராம். கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டும், அனுமதியில்லாத மாடிகளை இடிக்க வேண்டும். நாலு நாளில் எல்லோரும் போனார்கள். சிலிண்டரும் பாயும் பிளாஸ்டிக் குடங்களுமாக இறங்கிப் போனதை ஜெயராணி சொன்னாள். எங்கே போனார்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு தெரு தள்ளிதான்க்கா. அதுவும் இதே மாதிரி. புது பெயின்ட்."

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்த அளவில் எனக்கு நிம்மதி. அன்று முழுக்க நான் அழுதுகொண்டே வேலை செய்தேன். ரெனாட்டே காபி கொண்டுவந்து வைத்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அண்ணி போன் செய்தாள். அழுகையில் பேச்சே புரியவில்லை. அண்ணன் நோட்டீசைக் கிழித்துப்போட்டுவிட்டு, பாயும் ஸ்டவ்வும் எடுத்துக்கொண்டு கீழ்வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டானாம், தனியாக. அவள் எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை.

"காலியா இருந்தா இடிச்சிடுவாங்க, ஆள் இருந்தா இடிக்க மாட்டாங்கன்றாரு. மழை வேற ஆரம்பிச்சிடுச்சும்மா. பக்கத்துப் பள்ளத்துல தண்ணி நிக்குது. நீ சொன்னாத்தான் கேப்பாரு."

நான் சொன்னால் அவன் கேட்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியாது. ஏற்கனவே ஒரு முறை கேட்டுக் குடும்பத்தை அங்கிருந்து எடுத்தான், அங்கே வேறு யாரையோ வைத்தான், இப்போது அந்த இடத்தில் தன்னையே வைத்திருக்கிறான். அது பிடிவாதமா, வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். வார்டு அலுவலகத்துக்குத் தினமும் எழுதுகிறேன். உள்ளே ஆள் இருக்கும்போது இடிப்பு ஆட்களை அனுப்ப முடியாது, போலீஸ் துணை கேட்டிருக்கிறோம் என்று பதில் வருகிறது.

இனியா ஒரு நாள் என்னிடம் வந்து, "மாமாவிடம் நான் பேசட்டுமா?" என்றாள். பேசினாள். தமிழில், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. "மாமா, வெளிய வாங்க." அவன், சாப்பிட்டியா கண்ணு என்று மட்டும் கேட்டிருக்கிறான்.

ஒவ்வொரு நாளும் என் காலை பத்து மணிக்கு, அங்கே மதியம், நான் கூப்பிடுகிறேன். சில நாள் நாலு ரிங் போனதும் எடுப்பான், சில நாள் பத்து ரிங் போக வேண்டும். அந்த இடைவெளியில் நான் மூச்சு விடுவதில்லை. மழை பெய்கிறதா என்று கேட்பதில்லை, வெளியே வா என்று கெஞ்சுவதும் இல்லை. சொல்லிச் சொல்லி அதையெல்லாம் நிறுத்திவிட்டேன். போனை எடுப்பான். ஜேசிபி ஓசைக்கு நடுவே ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

"இருக்கேன்."